இத்தாவுனாஸ் போகலாமா? மணல் மூடிய ஊரும் கறுப்புச் சட்டி மீனும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பிரேசில் என்றால் ரியோ, ரியோ விட்டால் அமேசான் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் இரண்டு முறை போய்த் தங்கிய ஊர் இத்தாவுனாஸ். அதைப் பற்றிச் சொன்ன நாளிலிருந்து நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று ஆளுக்கொரு கேள்வி கேட்கிறார்கள், பாதிக்கு மேல் ஒரே கேள்விதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லி அலுத்துப்போய் மொத்தமாக இங்கே எழுதிவைக்கிறேன்.

எங்கே இருக்கிறது இது? பெயரே கேள்விப்பட்டதில்லையே?

ரியோ மாநிலத்துக்கு வடக்கே எஸ்பிரிட்டோ சாண்டோ என்று ஒரு சின்ன மாநிலம். அதன் வடகோடியில், பாயியா மாநில எல்லையை ஒட்டி, கொன்செய்சாவ் டா பாரா நகராட்சிக்குள் வரும் கிராமம்தான் இத்தாவுனாஸ். நடுவில் ஒரு சதுக்கம், தேவாலயம், மண் தெருக்கள், ஓரத்தில் ஓர் ஆறு, ஆற்றுக்கு அந்தப் பக்கம் மணற்குன்றுகள், குன்றைத் தாண்டினால் கடல். ஊரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது. கடற்கரை ஊர் என்று நம்பி வந்துவிட்டு, கடல் எங்கே என்று கேட்பவர்களை முதல் நாளே அடையாளம் கண்டுகொள்ளலாம், நானும் அப்படித்தான் கேட்டேன்.

பிரேசில் பழங்குடிகளின் துப்பி மொழியில் 'இத்தா' என்றால் கல், 'உனா' என்றால் கறுப்பு. ஆற்றுத் தண்ணீரும் பால் ஊற்றாத டீ மாதிரி கறுத்துத்தான் இருக்கும். அழுக்கு இல்லை, சதுப்பில் ஊறிய இலைச் சாறு.

ஊரையே மணல் மூடிவிட்டதாமே, உண்மையா, சுற்றுலாக்காரர்களுக்காகக் கட்டிய கதையா?

உண்மைதான். இப்போது இருப்பது இரண்டாவது இத்தாவுனாஸ். பழைய ஊர் ஆற்றுக்கு அந்தக் கரையில், கடலுக்குப் பக்கத்தில் இருந்தது. கடலோரத்தில் மணலைப் பிடித்துவைத்திருந்த செடிகொடிகளை, அங்கே 'ரெஸ்டிங்கா' என்பார்கள், வெட்டியழித்தார்கள். பிடிமானம் போனதும் வடகிழக்குக் காற்று மணலைத் தள்ள ஆரம்பித்தது. ஒரே இரவில் நடந்த பேரழிவு என்று நினைக்காதீர்கள். 1950களில் தொடங்கி 70கள் வரை, வாசலில் கொஞ்சம், திண்ணையில் கொஞ்சம், அப்புறம் ஜன்னல் உயரம் என்று பொறுமையாக ஏறியிருக்கிறது. காலையில் கதவைத் திறக்க மணலை வாரிக் கொட்டி, மறுநாளும் வாரிக் கொட்டி, கடைசியில் ஒவ்வொரு குடும்பமாக ஆற்றைக் கடந்து வந்து இந்தப் பக்கம் வீடு கட்டிக்கொண்டார்கள்.

நமக்கு இந்தக் கதையைக் கேட்டால் தனுஷ்கோடி நினைவுக்கு வரும், ஆனால் அங்கே 1964இல் புயல் ஒரே இரவில் முடித்துவிட்டது. இங்கே இருபது வருஷம் கண் முன்னால் நடந்தது. எது கொடுமை என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

குன்றுகள் சில இடங்களில் 30 மீட்டர் வரை உயரம். காற்று திசை மாறும்போது பழைய ஊரின் செங்கல் துண்டுகள், ஓட்டுச் சில்லுகள் வெளியே வரும். எடுத்துப் பையில் போட்டுக்கொள்ளாதீர்கள். 1991இலிருந்து இது மாநிலப் பூங்கா. குன்றின் சரிவில் புல், கொடி எது தெரிந்தாலும் அதை மிதிக்காமல் சுற்றிப் போங்கள்.

எப்படிப் போவது?

இந்தியாவிலிருந்து பிரேசிலுக்கு நேர் விமானம் இல்லை. துபாய் அல்லது தோஹா வழியாக சாவ் பாவ்லோ, அங்கிருந்து ஒன்றரை மணி நேரத்தில் மாநிலத் தலைநகர் விட்டோரியா. மொத்தத்தில் ஒரு நாளுக்கு மேல் போய்விடும், இந்திய நேரத்துக்கு எட்டரை மணி நேரம் பின்னால் வேறு. அதனால் விட்டோரியாவில் ஒரு நாள் தங்கித் தூங்கிவிடுங்கள், அங்கே பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

விட்டோரியாவிலிருந்து சுமார் 270 கிலோமீட்டர், பெரும்பகுதி பி.ஆர். 101 நெடுஞ்சாலை. காரில் நான்கு மணி நேரத்துக்கு மேல் ஆகும். பேருந்து என்றால் கொன்செய்சாவ் டா பாரா வரை ஒன்று, அங்கிருந்து உள்ளூர்ப் பேருந்து ஒன்று. அந்த இரண்டாவதுதான் சிக்கல். நாளைக்குச் சில தடவைதான் ஓடும். முதல் முறை நான் பத்து நிமிஷம் தாமதமாக இறங்கி, கடைசி வண்டியை விட்டுவிட்டு, பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து ஒரு பொட்டலம் வறுத்த வேர்க்கடலையைத் தின்று முடித்தபோது பக்கத்துக் கடைக்காரர் தன் மைத்துனரைக் கூப்பிட்டு வண்டி ஏற்பாடு செய்தார். உங்களுக்கும் ஒரு மைத்துனர் கிடைப்பார் என்று நான் உத்தரவாதம் தர முடியாது, நேரத்தைக் கேட்டுவிட்டுக் கிளம்புங்கள். வழி நெடுக யூக்கலிப்டஸ் தோட்டம், காகிதக் கூழுக்காக நட்டது, கிலோமீட்டர் கணக்கில் ஒரே மரம். பார்த்தாலே தூக்கம் வரும்.

அமைதியான ஊர் என்கிறீர்கள், வேறு சிலர் இரவெல்லாம் ஆட்டம் என்கிறார்களே?

இரண்டும் சரி, மாதத்தைப் பொறுத்தது. பிரேசில் முழுக்க ஃபொஹோ ஆடுபவர்களுக்கு இத்தாவுனாஸ் புனிதத் தலம் மாதிரி. அக்கார்டியன், ஸபும்பா என்கிற பெரிய முரசு, ஒரு இரும்பு முக்கோணம், இந்த மூன்றையும் வைத்துக்கொண்டு விடிய விடிய ஜோடியாக ஆடும் வடகிழக்கு பிரேசில் நடனம் அது. ஜூலையில் அதற்கென்றே தேசிய அளவில் திருவிழா நடக்கும். புத்தாண்டு, ஜனவரி, கார்னிவல் நாட்களிலும் ஊர் நிரம்பி வழியும்.

நான் முதல் முறை போனது ஜூலையில். அமைதியான அறை என்று சொல்லித்தான் விடுதிக்காரர் கொடுத்தார். நள்ளிரவில் பாட்டு ஆரம்பித்தது, காலை ஆறு மணிக்கு நின்றது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "அமைதிதானே, பகல் முழுக்க ஒரு சத்தமும் இருக்காது" என்றார். மனிதர் பொய் சொல்லவில்லை. பகலில் ஊரே தூங்குகிறது.

இரண்டாவது முறை மே மாதம் போனேன். அதைத்தான் சிபாரிசு செய்வேன். மே, ஜூன், அப்புறம் ஆகஸ்ட், செப்டம்பர். பூமியின் தென்பாதி என்பதால் அது அவர்களுக்குக் குளிர்காலம், குளிர்காலம் என்றால் நம் ஊர் மார்கழி விடியற்காலை அளவுதான். மழை அதிகமாக வருவது வருஷக் கடைசி மாதங்களில். மே மாதத்தில் பாதிக் கடைகள் சாத்தியிருக்கும், இரவு எட்டு மணிக்குச் சாப்பாடு கிடைக்குமா என்று மதியமே கேட்டு வைக்க வேண்டியிருக்கும். அது பிடிக்காதென்றால் ஜூலையில் போங்கள், காதில் பஞ்சு வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஆடக் கற்றுக்கொள்ளுங்கள்.

சரி, அங்கே என்னதான் செய்வது?

காலையில் மரப்பாலத்தில் ஆற்றைக் கடந்து, குன்று ஏறி, கடலுக்கு இறங்க வேண்டும். வெயில் ஏறுவதற்கு முன்னால். பதினோரு மணிக்கு மேல் அந்த மணலில் வெறுங்காலோடு நடந்தால் தீமிதிதான். கடற்கரையில் கீற்றுக் கூரை போட்ட சில குடில்கள் உண்டு, இளநீர், வறுத்த மீன் கிடைக்கும். ஒரு நாள் கரையோரமாகவே வடக்கே நடந்து ரியாச்சு டோசி வரை போய்வாருங்கள், போக மட்டும் சுமார் 8 கிலோமீட்டர். அது கடலில் வந்து விழும் ஒரு நன்னீர் ஓடை. ஓடைக்கு இந்தக் கரை எஸ்பிரிட்டோ சாண்டோ, அந்தக் கரை பாயியா. முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு இரண்டு மாநிலத்தில் ஆளுக்கொரு காலை வைக்கலாம், எல்லோரும் அந்தப் போட்டோ எடுக்கிறார்கள், நானும் எடுத்தேன்.

செப்டம்பர் முதல் மார்ச் வரை கடலாமைகள் முட்டையிட வரும் காலம். 1980இல் தொடங்கிய டமார் என்ற ஆமைப் பாதுகாப்புத் திட்டத்துக்கு இங்கே ஒரு நிலையம் இருக்கிறது. இரவில் கரையில் டார்ச் அடிக்காதீர்கள்.

ஜனவரியில் போக நேர்ந்தால் திக்கும்பி என்ற கூத்தைத் தேடிப் பாருங்கள். இந்தப் பக்கத்துக் கறுப்பின மக்கள் புனித பெனெதித்துவுக்காக ஆடுவது. வெள்ளை உடை, பூவும் ரிப்பனும் தொங்கும் தொப்பி, கையில் வாள். காங்கோ ராஜாவும் பம்பா ராஜாவும் திருவிழாவை நடத்தும் உரிமை யாருக்கு என்று வசனம் பேசிச் சண்டை போடுவார்கள், கடைசியில் பம்பா தோற்று ஞானஸ்நானம் பெறுவார். வசனம் புரியாவிட்டாலும் தெருக்கூத்து பார்த்து வளர்ந்தவர்களுக்கு நடப்பது புரிந்துவிடும்.

மொக்கேக்கா என்றால் என்ன? நம்ம மீன் குழம்பு மாதிரிதானே?

இந்தப் பக்கத்தை எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். இல்லை, நம்ம மீன் குழம்பு மாதிரி இல்லை. மண்சட்டியில் கொதித்தபடி வரும், சிவப்பாக இருக்கும், மீன் மிதக்கும், அதோடு ஒற்றுமை முடிந்தது. புளி கிடையாது, மிளகாய்த்தூள் கிடையாது, மல்லித்தூள், வெந்தயம், தேங்காய் எதுவும் கிடையாது. முக்கியமாக, தண்ணீரே கிடையாது.

எஸ்பிரிட்டோ சாண்டோக்காரர்களைக் கபிஷாபா என்பார்கள், துப்பி மொழியில் பயிரிட்ட கொல்லை என்று அர்த்தம். அவர்களுடைய மொக்கேக்கா கபிஷாபா இப்படி: மீனைத் தடித்த துண்டங்களாக வெட்டி உப்பு, பூண்டு, எலுமிச்சைச் சாறு பிரட்டி வைப்பது. சட்டியில் ஆலிவ் எண்ணெய், அதோடு உருகூன் என்ற விதையில் காய்ச்சிய சிவப்பு எண்ணெய். நம் பக்கம் வெண்ணெய், பாலாடைக் கட்டிக்கு நிறம் கொடுக்கப் பயன்படுத்துவார்களே அதே விதை, அங்கே பழங்குடிகள் உடம்பில் பூசியதும் அதுதான். நிறம்தான் வரும், காரம் வராது. மேலே வெங்காயம், தக்காளி, கொத்தமல்லித் தழை ஒரு அடுக்கு, மீன் ஒரு அடுக்கு, திரும்பவும் வெங்காயம், தக்காளி, கொத்தமல்லி. மூடி போட்டு நடுத்தரத் தீ. தக்காளியும் மீனும் விடுகிற நீரில்தான் எல்லாம் வேகிறது. கரண்டி போடக் கூடாது. துணியால் சட்டியின் இரு பக்கமும் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டிவிட்டு வைப்பார்கள். அந்த ஒரு அசைவைப் பார்த்தபோது மட்டும் எனக்கு வீட்டு அடுப்படி நினைவு வந்தது. எங்கள் வீட்டிலும் மீன் போட்டபின் கரண்டியைக் கையில் எடுத்தால் திட்டு விழும்.

முதல் வாய் சப்பென்று இருந்தது என்று ஒத்துக்கொள்கிறேன். நம் நாக்கு புளிப்பும் காரமும் வந்து தாக்கும் என்று தயாராக உட்கார்ந்திருக்கும், ஒன்றும் வராது. மூன்றாவது வாயில்தான் மீன் தெரிகிறது, மீன் மட்டும் தெரிகிறது. மசாலா இல்லாததால் பழைய மீனை மறைக்க வழியே இல்லை, அதனால் அன்றைக்குப் பிடித்த மீன் இல்லையென்றால் நல்ல கடைகளில் "இன்று இல்லை" என்று சொல்லிவிடுகிறார்கள். பெரும்பாலும் பதேஜு, அதாவது நம் களவா இனம், அல்லது நம் கொடுவாவைப் போன்ற ரோபாலு.

கூட வெள்ளைச் சோறு வரும், பிராவ் வரும். பிராவ் என்பது மீன் தலை வேகவைத்த சாறில் மரவள்ளி மாவைத் தூவிக் கிளறிய களி. பார்க்கப் பசை மாதிரி இருக்கும், பயந்து ஒதுக்காதீர்கள், எனக்கு மீனைவிட அதுதான் பிடித்தது. காரம் வேண்டுமென்றால் தனியாக ஒரு குப்பியில் மிளகாய் ஊறிய எண்ணெய் வைப்பார்கள். சொட்டுச் சொட்டாகப் போட்டுப் பாருங்கள், ஆந்திராக்காரர் நினைப்பில் ஊற்றாதீர்கள்.

ஒரு சட்டி இரண்டு மூன்று பேருக்கு. தனியாகப் போகிறவர்கள் ஒரு ஆளுக்கு மட்டும் தருவீர்களா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள்.

தேங்காய்ப்பால் ஊற்றிய மொக்கேக்கா சாப்பிட்டிருக்கிறேனே?

அது பாயியா மொக்கேக்கா. தேங்காய்ப்பால், குடைமிளகாய், தெந்தே என்ற செம்பனை எண்ணெய் ஊற்றுவது. செம்பனை ஆப்பிரிக்காவிலிருந்து வந்தது, தென்னையைப் போர்த்துகீசியர் கொண்டுவந்தார்கள். அதுவும் அருமையான சாப்பாடு, நம் ஆட்களுக்கு அதுதான் முதலில் பிடிக்கும், கேரள மீன் மொய்லியின் சித்தி பிள்ளை மாதிரி இருக்கும். ஆனால் இதை எஸ்பிரிட்டோ சாண்டோவில் உட்கார்ந்துகொண்டு உரக்கச் சொல்லாதீர்கள். "மொக்கேக்கா என்றால் கபிஷாபா, மற்றதெல்லாம் வெறும் மீன் கறி" என்பது அங்கே சட்டை, சுவர் என்று எங்கும் எழுதியிருக்கும் வாசகம். மொக்கேக்கா என்ற சொல் ஆப்பிரிக்க மொழியிலிருந்து வந்ததா, துப்பி மொழியிலிருந்து வந்ததா என்பதிலும் இரண்டு கட்சி. இத்தாவுனாஸ் எல்லையில் இருப்பதால் இரண்டும் கிடைக்கும். இரண்டையும் ஒரே மேசைக்கு வரவழைத்துச் சாப்பிட்ட ஆள் நான், பரிமாறிய அம்மா பார்த்த பார்வை இன்னும் மறக்கவில்லை.

அந்தச் சட்டி ஏன் அவ்வளவு கறுப்பு? எங்கே செய்கிறார்கள்?

விட்டோரியாவில் ஒரு நாள் தங்கச் சொன்னேனே, இதற்காகத்தான். விமான நிலையத்துக்குப் பக்கத்துப் பேட்டை கொய்யாபேய்ராஸ். போர்த்துகீசிய மொழியில் கொய்யா மரங்கள் என்று பொருள், நம் கொய்யாவே அந்த 'கொயாபா'விலிருந்து வந்த சொல்தான். அங்கே ஒரு பெரிய கொட்டகையில் பெண்கள் உட்கார்ந்து சட்டி செய்கிறார்கள். யார் வேண்டுமானாலும் போய்ப் பார்க்கலாம். சட்டி செய்பவர்களைப் பனலேய்ராஸ் என்பார்கள், தாயிடமிருந்து மகளுக்கு வருகிற வேலை, ஆரம்பம் பழங்குடிகளிடமிருந்து. 2002இல் பிரேசில் அரசு கையால் தொட்டுக் காட்ட முடியாத பண்பாட்டுச் செல்வங்களைப் பதிவு செய்ய ஆரம்பித்தபோது முதலாவதாகப் பதிவானது இந்தச் சட்டி வனையும் தொழில்தான்.

சக்கரம் கிடையாது. முலெம்பா பள்ளத்தாக்கிலிருந்து வரும் களிமண்ணை மிதித்து, கல் பொறுக்கி, உருண்டையாகப் பிடித்து, நடுவில் குழித்து, கையாலேயே சுவரை எழுப்புகிறார்கள். நான் பார்த்த பாட்டிக்கு எழுபது வயதிருக்கும். இடது உள்ளங்கை சட்டிக்குள்ளே, வலது கையில் சுரைக்குடுக்கைச் சில்லு, பலகையைத் திருப்பித் திருப்பி வழித்துக்கொண்டே என்னிடம் என் ஊர் எங்கே என்று விசாரித்தார், கண் மண்ணை விட்டு நகரவில்லை, விளிம்பு எந்த இடத்திலும் தடித்தோ மெலிந்தோ போகவில்லை. காய்ந்தபின் கூழாங்கல்லால் தேய்த்து வழவழப்பாக்குவார்கள். சூளை என்று தனியாக எதுவும் இல்லை, திறந்தவெளியில் விறகுப் படுக்கை போட்டு எரிப்பதுதான். சட்டி செக்கச்செவேலென்று தணலாக இருக்கும்போதே நீண்ட கழியால் வெளியே இழுத்து, சிவப்புக் கண்டல் மரப்பட்டையை ஊறவைத்த சாற்றில் ஒரு செடிக் கொத்தைத் தோய்த்து, சட்டி மேல் விளாசுவார்கள். சுர்ரென்று ஆவி கிளம்பும், பட்ட இடமெல்லாம் கறுத்துப்போகும். கறுப்பு நிறம் அந்தப் பட்டைச் சாறுதான். நிறத்துக்கு மட்டும் இல்லை, மண்ணின் துளைகளையும் அது அடைக்கிறது.

சட்டியை வாங்கி வரலாமா? பழக்க வேண்டுமா?

வாங்கலாம், பழக்கவும் வேண்டும். கழுவி, உள்ளே எண்ணெய் தடவி, அடுப்பில் வைத்துப் புகை வரும்வரை காயவிட்டு, ஆறவைத்து எடுப்பது அவர்கள் முறை. நாம் சோற்றுக் கஞ்சி ஊற்றி வைப்போம், கிட்டத்தட்ட அதே வேலைதான். சூடாக இருக்கும்போது பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள். கனம் அதிகம், விமானத்தில் கைப்பையில்தான் கொண்டுவர வேண்டும், பெட்டியில் போட்டால் என்னாகும் என்பதற்குக் கடைசிக் கேள்வியைப் பாருங்கள். சாலையோரம் பல இடங்களில் கறுப்புச் சாயம் பூசிய சக்கரச் சட்டிகளும் விற்கிறார்கள், அதனால் கொட்டகையிலேயே வாங்குவது நல்லது.

மீன் தவிர வேறு என்ன சாப்பிடலாம்?

பெய்ஜு. மரவள்ளிக்கிழங்கு மாவில் தேங்காய்த் துருவல் சேர்த்து மண் ஓட்டில் சுட்டெடுக்கும் அடை. இத்தாவுனாஸைச் சுற்றியுள்ள காட்டுப் பக்கத்துக்கு சாப்பே டோ நோர்த்தி என்று பெயர், அடிமைத்தனத்திலிருந்து தப்பி வந்தவர்களின் வாரிசுகள் வாழும் கிலோம்போ ஊர்கள் நிறைய. மரவள்ளி மாவு இடிப்பதும் பெய்ஜு சுடுவதும் அவர்கள் கைவேலை. கிழங்கைத் துருவி, நச்சுச் சாறு போகப் பிழிந்து, பெரிய தட்டில் வறுப்பார்கள். பிழிந்த நீரில் அடியில் படியும் வெள்ளை மாவு இருக்கிறதே, சேலத்தில் ஜவ்வரிசி ஆவது அதே மாவுதான். மரவள்ளியே தென்னமெரிக்காவிலிருந்து நமக்கு வந்த கிழங்கு, முந்திரியும் பிரேசில் மரம். அங்கே முந்திரிப் பழத்தைப் பிழிந்து சாறாகக் குடிக்கிறார்கள், தொண்டை கரகரக்கும், பழகினால் விட முடியாது.

புனித வெள்ளிக் காலத்தில் போனால் தோர்த்தா கபிஷாபா. நண்டு, இறால், மட்டி, சிப்பி, உப்புக் கருவாடாக வரும் காட் மீன், பனைக் குருத்து எல்லாவற்றையும் வதக்கி, மேலே முட்டையை அடித்து ஊற்றி, அதே கறுப்புச் சட்டியில் சுடுவது. கறி தின்னாத நாளில் இப்படி ஒரு சாப்பாடு, விரதம் என்று பெயர்.

காப்பி பற்றித் தனியாகச் சொல்லத் தேவையில்லை. ரொபஸ்டா வகையை அங்கே கொனிலோன் என்பார்கள், பிரேசிலின் கொனிலோனில் பெரும்பகுதி இந்த மாநிலத்தில்தான் விளைகிறது. துணி வடிகட்டியில் இறக்கிச் சர்க்கரை போட்டுத் தருவார்கள். பால் கேட்டால் தனியாக வரும்.

நான் சைவம், என்ன செய்வது?

பிழைத்துக்கொள்ளலாம். மொக்கேக்கா டி பனானா டா தெர்ரா என்று கேளுங்கள், நேந்திரம் மாதிரிப் பெரிய வாழைப்பழத்தில் அதே முறையில் செய்தது. இனிப்பும் எலுமிச்சைப் புளிப்பும் சேர்ந்து, நம் மாம்பழப் புளிசேரி பிடித்தவர்களுக்குப் பிடிக்கும். கறுப்பு பீன்ஸில் பன்றிக் கொழுப்பு, வறுத்த மாவில் இறைச்சித் துணுக்கு இருக்க வாய்ப்பு அதிகம். "கறி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் கோழி வந்துவிடும், கோழி அவர்களுக்குக் கறி இல்லை. மீன், கோழி, பன்றி என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி மறுக்க வேண்டும். பிராவ் மீன் சாறில் செய்தது என்பதையும் மறக்காதீர்கள்.

போர்த்துகீசு தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கிராமத்தில் ஆங்கிலம் பேசுபவர்கள் குறைவு. ஆனால் உங்களுக்குத் தெரியாமலே கொஞ்சம் போர்த்துகீசு தெரியும். மேசை, ஜன்னல், சாவி, அலமாரி, கோப்பை, துவாலை எல்லாம் அங்கிருந்து வந்தவை. மேசா, ஜனேலா, ஷாவி, அர்மாரியு, கோப்பு, துவால்யா என்று கொஞ்சம் திருப்பினால் போதும். இலங்கைத் தமிழர்களுக்கு இன்னும் வசதி: கதிரை அங்கே கதேய்ரா, சப்பாத்து சப்பாத்து, பாண் பவுன். விடுதியில் "ஷாவி?" என்று கையை நீட்டியதும் சாவி வந்தது, எனக்கே சிரிப்பாக இருந்தது.

பணம், மின்சாரம், விசா?

எல்லோரும் பிக்ஸ் என்ற கைபேசிப் பணப்பரிமாற்றத்தில் இருக்கிறார்கள், 2020இல் அவர்கள் மத்திய வங்கி கொண்டுவந்தது, நம் யு.பி.ஐ. மாதிரியே. உள்ளூர் வங்கிக் கணக்கு இல்லாத நமக்கு அது உதவாது. கார்டு பல இடங்களில் ஓடும், ஆனால் குடில்களுக்கும் பேருந்துக்கும் ரொக்கம் வேண்டும், நகரத்திலேயே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிளக் வேறு வடிவம், ஓர் அடாப்டர் வேண்டும்.

இந்திய பாஸ்போர்ட்டுக்கு முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும். அதைவிட முக்கியம் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குத் திரும்பும்போது அந்தச் சான்றிதழைக் கேட்பார்கள், இல்லாவிட்டால் தனிமைப்படுத்தி வைக்க நேரிடும். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டுக்கொள்ள வேண்டும். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள்.

பாதுகாப்பா? பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

நான் இருந்தவரை பயப்படும்படி ஒன்றும் இல்லை. பயப்பட வேண்டியது வெயிலுக்கும் கொசுவுக்கும். ஆறும் சதுப்பும் சூழ்ந்த ஊர், மாலை ஐந்து மணிக்கே கொசு வந்துவிடும். கடல் திறந்த கடல், அலையும் இழுப்பும் உண்டு, பிள்ளைகளுக்கு ரியாச்சு டோசி ஓடைதான் சரி. குன்றில் ஏறி உருண்டு விளையாட விட்டுவிட்டால் அவர்கள் வேறு எதுவும் கேட்க மாட்டார்கள், ஆனால் காதிலும் மூக்கிலும் மணல் இருக்கும், ஊருக்குத் திரும்பிய பிறகும் பையிலிருந்து கொட்டும்.

எத்தனை நாள் வேண்டும்?

நான்கு நாள். இரண்டு நாளில் பார்த்துவிடலாம் என்பார்கள், பார்த்துவிடலாம்தான். ஆனால் முதல் நாள் சப்பென்று இருந்த சாப்பாடு மூன்றாம் நாள்தான் ருசிக்க ஆரம்பிக்கிறது, அதற்குள் பேருந்து ஏறிவிட்டால் என்ன பயன்.

நீங்கள் வாங்கிய சட்டி என்ன ஆனது?

சட்டி கைப்பையில் வந்தது, பத்திரம். மூடியைத் துணிக்குள் சுற்றிப் பெட்டியில் போட்டேன், நான்கு துண்டாக வந்து சேர்ந்தது. இப்போது எவர்சில்வர் தட்டுதான் மூடி. ஒரு முறை களவா வாங்கி மொக்கேக்கா செய்தேன். உருகூன் இல்லாததால் காரமில்லாத மிளகாய்த்தூளை எண்ணெயில் போட்டு நிறம் எடுத்தேன், சுமாராக வந்தது, அப்பா "உப்பு மட்டும்தான் போட்டியா" என்று கேட்டுவிட்டு ஊறுகாய் எடுத்துக்கொண்டார். அப்புறம் சட்டி அம்மா கைக்குப் போய்விட்டது. போன வாரம் அதில் புளி கரைத்து ஊற்றி நெத்திலிக் குழம்பு கொதித்துக்கொண்டிருந்தது.